ஆயிரம் வோல்ட்டை அடக்கி ஆள்வது எப்படி?

வானொலிக் கருவி செய்ய ஆசைப்படும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்

நான்கு புறமும் கடல் சூழ வாழும் நமக்கு வானொலி என்பது வெறும் பொழுதுபோக்குச் சாதனம் அல்ல. சென்னைக்கும் நமக்கும் இடையே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் இருக்கிறது. கப்பல் ஏறினால் மூன்று நாள் பயணம். இந்த இடைவெளியை முதலில் தாண்டி வந்தது கம்பியில்லாத் தந்திதான். 1905-ஆம் ஆண்டிலேயே பர்மாக் கரையோரம் உள்ள டயமண்ட் தீவுக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கம்பியில்லாத் தந்தித் தொடர்பு ஏற்பட்டுவிட்டது. இந்தியாவிலேயே மிகப் பழைய வானொலித் தொடர்புகளில் அது ஒன்று. பின்னர் 1963-இல் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது. தொலைபேசி, தொலைக்காட்சி, செல்போன் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிளும் வந்து சேர்ந்தது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று அரசு பெயர் சூட்டியது. ஊரின் பெயர் மாறினாலும், கடலின் தூரம் மாறவில்லை.

இவ்வளவு வசதி வந்த பிறகு வீட்டில் அமர்ந்து வால்வும் டிரான்ஸ்பார்மரும் வைத்துக்கொண்டு வானொலிக் கருவி செய்வானேன் என்று சிலர் கேட்கலாம். அதற்குப் பதில் 2004-ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது.

அந்த டிசம்பர் மாதம்

பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்துபவர்களை "ஹாம்" என்று அழைப்பார்கள். அரசின் உரிமம் பெற்று, தங்களுக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் உலகெங்கும் உள்ள மற்ற ஹாம்களோடு இவர்கள் பேசுவார்கள். நம் தீவுகளில் 1987-க்குப் பிறகு ஏறத்தாழ 17 ஆண்டுகள் இதற்கு அனுமதி கிடைக்காமலே இருந்தது. 2004 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் சிறப்பு அனுமதி பெற்று, ஹைதராபாத்தில் உள்ள நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெச்சூர் ரேடியோ அமைப்பின் சார்பில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஒரு குழுவோடு போர்ட் பிளேருக்கு வந்தார். ஓட்டல் அறை ஒன்றில் நிலையம் அமைத்தார். அவருடைய அழைப்புக் குறி வி.யு.4 ஆர்.பி.ஐ. அந்தமானைத் தொடர்பு கொள்ள ஆண்டுக்கணக்கில் காத்திருந்த உலக ஹாம்கள் இரவு பகலாக அவரை அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 29 நிமிடம் அளவில் சுமத்ரா அருகே 9.1 அளவிலான பூகம்பம். அதைத் தொடர்ந்து வந்த ஆழிப்பேரலை நிக்கோபார் தீவுகளை என்ன செய்தது என்பதை நம்மவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் சிதைந்தது. இந்திரா முனையில் நிலமே பல அடி தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்களையும் அந்த அலை விட்டுவைக்கவில்லை. பல தீவுகளோடு தொலைபேசித் தொடர்பு அறுந்தது. அங்கே இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் இங்கேயும் தமிழ்நாட்டிலும் எத்தனை வீடுகள் தவித்தன!

அந்த வேளையில் பொழுதுபோக்காக வந்த குழு, பொழுதுபோக்கை நிறுத்திவிட்டுச் செய்தி அனுப்பும் வேலையில் இறங்கியது. போர்ட் பிளேரிலும், பிறகு கார் நிக்கோபாரிலும் நிலையங்கள் இயங்கின. யார் பிழைத்திருக்கிறார், யாருக்கு என்ன தேவை என்பன போன்ற செய்திகள் தீவிலிருந்து தலைநகருக்கும், அங்கிருந்து பாரதத்தின் பிற பகுதிகளுக்கும் சென்றன. 2006 ஏப்ரலில் இங்கேயே ஹாம்களின் பெரிய கூடுகை ஒன்றும் நடந்தது. அதன் பிறகுதான் நம் இளைஞர்கள் சிலருக்கு இந்தக் கலையில் ஆர்வம் பிறந்தது.

ஆர்வம் நல்லதுதான். ஆனால் இந்தக் கலையில் ஒரு படி ஏறியதும் ஓர் ஆபத்தான விருந்தாளி வீட்டுக்குள் வந்துவிடுகிறார். அவர் பெயர் "ஹை வோல்டேஜ்". இக்கட்டுரை அவரைப் பற்றியது.

எதற்காக இத்தனை வோல்ட்?

ஹாம் ஒருவர் முதலில் வாங்கும் கருவி 12 வோல்ட் பாட்டரியில் ஓடும். பேரிடர்க் காலத்துக்கு ஏற்றதும் அதுவே. கார் பாட்டரி ஒன்று இருந்தால் போதும். ஆனால் வானிலை ஒத்துழைக்காத நாளில், இரைச்சலுக்கு நடுவே குரல் எடுபடாமல் போகும். அப்போது நிலையத்தில் வைத்து இயக்க அதிக சக்தி வாய்ந்த பெருக்கி தேவைப்படுகிறது. வீட்டில் செய்கிறவர்கள் இதற்குப் பெரும்பாலும் வால்வுகளையே நாடுகிறார்கள். 807, 811ஏ போன்ற பழைய வால்வுகள் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். டிரான்ஸிஸ்டர் ஒரு நொடியில் எரிந்துவிடும். வால்வோ சிவந்து காட்டி எச்சரித்துவிட்டுத்தான் போகும். அந்த வால்வுகளின் தகட்டுக்கு 600 வோல்ட் முதல் 1,500 வோல்ட் வரை டி.சி. மின்சாரம் தேவை. தாத்தா காலத்து வால்வு ரேடியோவைப் பழுது பார்ப்பவருக்கும் 250 வோல்ட் அளவில் இதே பிரச்சினைதான்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏ.சி. அதை டிரான்ஸ்பார்மர் உயர்த்துகிறது. டையோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. ஆனால் டையோடுகளைத் தாண்டி வருவது சீரான மின்சாரம் அல்ல. நொடிக்கு 100 முறை பூஜ்யத்துக்கு இறங்கி உச்சிக்கு ஏறும் மேடுபள்ளமான மின்சாரம். இதை அப்படியே வால்வுக்குக் கொடுத்தால், நாம் பேசும் பேச்சோடு சேர்ந்து "உம்ம்ம்" என்ற ஓசையும் வானில் ஏறிவிடும். வயர்லெஸ்காரர்கள் இதை "ஹம்" என்பார்கள்.

ஹம் என்பது காதுக்கு இனிமை குறைவு என்ற அளவோடு நிற்கும் குறை அல்ல. பேரிடர் நேரத்தில் ஒருவர் பெயர்ப் பட்டியலை வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்வம், செல்வன், செல்வி என்று பெயர்கள் வருகின்றன. கடைசி எழுத்து ஓசையில் அமுங்கிப் போனால், ஒரு வீட்டுக்குப் போக வேண்டிய நல்ல செய்தி இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். மறுமுனையில் காதைத் தீட்டிக்கொண்டு எழுதுகிறவருக்குத்தான் வடிகட்டியின் அருமை தெரியும்.

ஆகவே மேடுபள்ளத்தைச் சமன் செய்ய வேண்டும். அதைச் செய்வதே வடிகட்டி. காப்பி டிகாஷன் இறக்கும் வடிகட்டி பொடியை மேலே நிறுத்தி நீரைக் கீழே விடுகிறது. இந்த வடிகட்டியோ ஏற்ற இறக்கத்தை நிறுத்தி, நிலையான பகுதியை மட்டும் வெளியே விடுகிறது.

மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி

வடிகட்டியின் முதல் உறுப்பு கண்டன்சர். பள்ளிப் புத்தகத்தில் மின்தேக்கி என்று படித்திருப்பீர்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதை நம் ஊர் வாசகருக்கு விளக்குவது எளிது. குழாயில் தண்ணீர் எப்போதும் வருவதில்லை. வரும் நேரத்தில் மாடித் தொட்டியை நிரப்பிக்கொள்கிறோம், வராத நேரத்தில் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். தொட்டி பெரியதாக இருந்தால் நீர்மட்டம் அதிகம் இறங்காது. சிறியதாக இருந்தால் அடுத்த முறை தண்ணீர் வருவதற்குள் அடி தெரிந்துவிடும்.

கண்டன்சரும் அப்படித்தான். மின்சாரம் உச்சிக்கு வரும்போது நிரம்புகிறது. இறங்கும்போது தன்னிடம் உள்ளதைத் தருகிறது. இந்த ஏற்ற இறக்கத்தின் மிச்சத்துக்குச் "சிற்றலை" என்று பெயர். அதைக் கணக்கிடுவது கடினம் அல்ல. எடுக்கும் மின்னோட்டத்தை, நொடிக்கு எத்தனை முறை நிரம்புகிறதோ அந்த எண்ணாலும், கண்டன்சரின் அளவாலும் வகுத்தால் போதும்.

உதாரணமாக, டிரான்ஸ்பார்மர் 1,000 வோல்ட் ஏ.சி. தருகிறது என்று கொள்வோம். உச்ச அளவு அதன் 1.414 மடங்கு. அதாவது கண்டன்சர் ஏறத்தாழ 1,400 வோல்ட் வரை நிரம்பும். பலர் முதலில் சறுக்கும் இடம் இதுதான். டிரான்ஸ்பார்மரில் 1,000 என்று எழுதியிருப்பதைப் பார்த்து 1,000 வோல்ட் கண்டன்சரைப் போட்டுவிடுகிறார்கள். அது வெடித்துவிடும்.

வால்வு 300 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று கொள்வோம். 25 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் போட்டால் சிற்றலை 120 வோல்ட். 50 மைக்ரோ ஃபாரட் போட்டால் 60 வோல்ட். 1,400-இல் 60 என்பது நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். குரல் அனுப்பும் பெருக்கியின் தகட்டுக்கு இது பெரும்பாலும் ஏற்கத்தக்கதே. ஆனால் மைக் பக்கத்துச் சிறு சுற்றுகளுக்கு இது சற்றும் ஆகாது. அவற்றுக்குத் தனியே, மேலும் நன்றாக வடிகட்டிய மின்சாரம் தர வேண்டும்.

1,400 வோல்ட் தாங்கும் ஒரே பெரிய கண்டன்சர் கடையில் எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை அதிகம். சென்னை ரிச்சி தெருவில் சாதாரணமாகக் கிடைப்பது 450 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர். ஆகவே நான்கைத் தொடராக இணைப்பார்கள். தாங்கும் அளவு 1,800 வோல்ட்டாக உயரும். ஆனால் கொள்ளளவு நான்கில் ஒன்றாகக் குறையும். 220 மைக்ரோ ஃபாரட் நான்கு சேர்ந்தால் கிடைப்பது 55 மட்டுமே. மூன்று போதாதா என்று சிக்கனம் பார்க்கக் கூடாது. மூன்றின் தாங்குதிறன் 1,350 வோல்ட்தான்.

இங்கே இன்னொரு நுட்பம் உண்டு. நான்கு கண்டன்சர்களும் ஒரே மாதிரி கசிவு உடையவை அல்ல. கசிவு குறைந்தது அதிக வோல்ட்டைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு முதலில் போய்விடும். அது போனால் பாரம் மற்ற மூன்றின் மேல் விழும், அவையும் வரிசையாகப் போகும். இதைத் தடுக்க ஒவ்வொரு கண்டன்சருக்கும் குறுக்கே ஒரே அளவான ரெசிஸ்டரை இணைக்க வேண்டும். 100 கிலோ ஓம் போட்டால் ஒவ்வொன்றும் 350 வோல்ட்டைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் 1.2 வாட் அளவு சூடு பிறக்கும். எனவே 5 வாட் ரெசிஸ்டரே போட வேண்டும். பெரியது போடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிறிய ரெசிஸ்டர்கள் சூட்டைத் தாங்கினாலும் வோல்ட்டைத் தாங்காமல் உள்ளேயே அறுந்துவிடும்.

டையோடுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1,000 வோல்ட் தாங்கும் ஒரு டையோடு 1,400 வோல்ட் உச்சத்துக்குப் போதாது. நான்கு கைகள் கொண்ட பிரிட்ஜ் சுற்றில் ஒவ்வொரு கைக்கும் மூன்று டையோடுகளைத் தொடராகப் போட்டால் 3,000 வோல்ட் வரை தாங்கும். விலை சில ரூபாய்தான். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சோக் என்னும் பொறுமைசாலி

தொட்டி மட்டுமே வைத்துச் சமாளிப்பது ஒரு முறை. இன்னொரு முறையில் கண்டன்சருக்கு முன்னால் சோக் ஒன்றை வைப்பார்கள். இரும்பு உள்ளகத்தின் மேல் பல நூறு சுற்றுகள் செம்புக் கம்பி சுற்றியதே சோக். டீசல் எஞ்சினின் கனமான சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் விட்டுவிட்டு உதைத்தாலும் சக்கரம் ஒரே சீராகச் சுழலும். சோக்கும் மின்னோட்டம் திடீரென்று கூடவோ குறையவோ விடாது.

சோக்கை முதலில் வைத்தால் வெளியீடு உச்ச அளவுக்கு ஏறாது, 1,000 வோல்ட் ஏ.சி.க்கு ஏறத்தாழ 900 வோல்ட் டி.சி. மட்டுமே கிடைக்கும். வோல்ட் குறைகிறதே என்று வருந்த வேண்டாம். பேசும்போதும் நிறுத்தும்போதும் வோல்ட் அதிகம் ஆடாமல் இருப்பது இதன் பெரிய நன்மை. டிரான்ஸ்பார்மரும் குறைவாகவே சூடாகும்.

ஆனால் சக்கரம் சுழல ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும் அல்லவா? சோக்குக்கும் குறைந்தபட்ச மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 10 ஹென்றி சோக்கில் 900 வோல்ட்டுக்கு அது ஏறத்தாழ 95 மில்லி ஆம்பியர். வால்வு ஓய்வாக இருக்கும்போதும் இதை எடுத்துக்கொள்ள ஒரு பெரிய ரெசிஸ்டர் தேவை. அதில் 85 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகப் போகும். அந்த ரெசிஸ்டர் அறுந்து, வால்வும் ஓய்வில் இருந்தால் 900 வோல்ட் மெல்ல ஏறி 1,400-ஐத் தொட்டுவிடும். ஆகவே சோக் முன்னால் இருந்தாலும் கண்டன்சரை 1,400-க்குத் தகுந்ததாகவே போட வேண்டும்.

டியூப் லைட் சோக்கையே பயன்படுத்தலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது விளக்குக்காகச் செய்தது. அதன் கம்பிக்கும் இரும்புக்கும் இடையே உள்ள காப்பு ஆயிரத்துக்கு மேற்பட்ட வோல்ட்டை நம்பி ஒப்படைக்கத் தக்கதல்ல.

குறைந்த மின்னோட்டம், எளிய வடிகட்டி

எல்லா உயர் மின்னழுத்தமும் வால்வுக்காக அல்ல. கல்லூரி மாணவர்கள் கதிரியக்கம் அளக்கும் கைகர் குழாய்க்கு 400 வோல்ட் அளவில் சிறு வழங்கி செய்கிறார்கள். இதற்கு மைக்ரோ ஆம்பியர் அளவே போதும். மேலும் இவற்றில் மின்சாரம் நொடிக்குப் பல ஆயிரம் முறை துடிக்கும். தண்ணீர் நிமிடத்துக்கு ஒரு முறை வரும் வீட்டில் சிறு குடம் போதுமே! ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரும் 0.01 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரும் சேர்ந்து, நொடிக்கு 15,000 முறை துடிக்கும் சிற்றலையை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். சோக்கும் பெரிய கண்டன்சரும் தேவையே இல்லை.

டையோடும் கண்டன்சரும் மாறி மாறி அடுக்கி வோல்ட்டைப் பெருக்கும் முறையும் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்ட், வால்டன் என்ற இருவர் இத்தகைய அடுக்கைக் கொண்டே 1932-இல் லித்தியம் அணுவைப் பிளந்தார்கள். 1951-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். பழைய கலர் டி.வி. பெட்டிக்குள்ளும் இதே அடுக்குதான் படக்குழாய்க்கு வோல்ட் கொடுத்தது. அடுக்கு உயர உயர வோல்ட் கூடும், சிற்றலையும் அதைவிட வேகமாகக் கூடும். குறைந்த மின்னோட்டத்துக்கு மட்டுமே இது ஏற்றது.

சுவிட்சை அணைத்த பிறகுதான் ஆபத்து

இப்போது இக்கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருவோம். பெற்றோர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படிக்க வேண்டும்.

வீட்டில் எந்தச் சாதனத்தையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். வடிகட்டி உள்ள கருவியில் அது உண்மையல்ல. தண்ணீர் வரத்து நின்றாலும் தொட்டி நிறைந்தே இருக்கும். மேலே சொன்ன 55 மைக்ரோ ஃபாரட், 1,400 வோல்ட்டில் ஏறத்தாழ 54 ஜூல் சக்தியைத் தேக்கி வைத்திருக்கிறது. ஐந்தரை கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் சக்தி அது. அவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கினால் என்ன ஆகும்? இதயம் நின்றுவிடும். வீட்டு ஷாக்கைப் போல "சுரீர்" என்று உதறிவிட்டுப் போகும் சமாசாரம் இது அல்ல.

நல்ல கண்டன்சர் இப்படி மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் மின்சாரத்தை வைத்திருக்கும். அதை வடித்துவிடுவது, பங்கீட்டுக்காகப் போட்ட அந்த ரெசிஸ்டர்களின் இரண்டாவது வேலை. நான்கு 100 கிலோ ஓம் இருந்தால், 22 நொடிக்கு ஒரு முறை வோல்ட் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிக்கொண்டே வரும். ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் பத்து வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். ஆனால் அவற்றில் ஒன்று அறுந்திருந்தாலும் இந்தக் கணக்குப் பொய்யாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எனவே ஒன்றுக்குப் பதில் 220 கிலோ ஓம் இரண்டை இணையாகப் போடுவது அறிவுடைமை. ஒன்று போனாலும் மற்றது காக்கும்.

அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் விதிகள் இவை:

1. பிளக்கைப் பிடுங்கி எல்லோர் கண்ணிலும் படும்படி மேசை மேல் வைக்க வேண்டும். சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது.

2. மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து, மனக்கணக்கில் அல்ல.

3. நீண்ட, காய்ந்த, மின்சாரம் கடத்தாத கோலின் நுனியில் கொக்கி ஒன்று வைத்து, அதை எர்த்தோடு இணைத்த கம்பியால் கண்டன்சரைத் தொட்டு வடிக்க வேண்டும். முதலில் ரெசிஸ்டர் வழியாக, பிறகு நேரடியாக. எடுத்த எடுப்பில் நேரடியாகத் தொட்டால் குண்டு வெடித்தது போல் தீப்பொறி பறக்கும்.

4. வேலை முடியும் வரை அந்தக் கொக்கி அங்கேயே தொங்க வேண்டும். வடித்த கண்டன்சர் சிறிது நேரத்தில் தானாகவே ஓரளவு வோல்ட்டை மீண்டும் பெறும். இது பலருக்குத் தெரியாத உண்மை. கழற்றி வைத்த பெரிய கண்டன்சரின் இரு முனைகளையும் கம்பியால் கட்டியே வைக்க வேண்டும்.

5. சாதாரண மல்டிமீட்டர் 1,000 வோல்ட் வரைக்கும்தான். அதற்கு மேல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அளப்பது தற்கொலைக்குச் சமம். அளவுமானியைப் பெட்டியிலேயே நிலையாகப் பொருத்திவிட வேண்டும்.

6. மூடி இல்லாமல் கருவியை இயக்கக் கூடாது. மூடியைத் திறந்தால் மின்சாரம் தானே அறுபடும் சுவிட்ச் அவசியம். பெட்டி உலோகமாகவும், நல்ல எர்த்தோடு இணைக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

7. தனியாக, களைப்பாக, வெறுங்காலோடு, ஈரக் கையோடு ஒருபோதும் இதைத் தொடக் கூடாது. உடன் இருப்பவருக்கு மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. பழைய மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து டிரான்ஸ்பார்மரைக் கழற்றிச் சோதனை செய்யும் பழக்கம் இப்போது பிள்ளைகளிடம் பரவியிருக்கிறது. 2,000 வோல்ட் அளவில் உயிரைப் பறிக்கப் போதுமானதற்கும் மேலான மின்னோட்டத்தை அது கொடுக்கும். பழகுவதற்கு அதைவிட மோசமான பொருள் வேறு இல்லை. அதை வீட்டுக்குள் விடாதீர்கள்.

நம் தீவுக்கே உரிய சங்கடங்கள்

வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருக்கும் அளவுகளை அப்படியே இங்கே கையாள முடியாது. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் எஞ்சின்களிலிருந்து வருகிறது. வடக்கே டிக்லிபூரில் கல்போங் நீர்மின் நிலையம் இருந்தாலும் அதன் அளவு 5.25 மெகாவாட்தான். சிறு தீவுகளில் ஒரு பெரிய மோட்டார் நின்றாலே வோல்ட் துள்ளும். 230 என்பது 260 ஆனால், நம் உதாரணத்தில் 1,400 என்பது 1,600 ஆகிவிடும். நான்கு கண்டன்சர்களின் 1,800 வோல்ட் தாங்குதிறன் ஆடம்பரம் அல்ல, அவசியம் என்பது இப்போது விளங்கும்.

அடுத்தது உப்புக் காற்றும் ஈரமும். இணைப்புகளின் மேல் படியும் உப்பு, மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். அந்தப் பாதை கருகி, கருகிய இடத்தில் மேலும் மின்சாரம் ஓடி, ஒருநாள் தீப்பிடிக்கும். எனவே முனைகளுக்கு இடையே புத்தகத்தில் சொன்னதைவிடக் கூடுதல் இடைவெளி விடுங்கள். அடிக்கடி துடைத்து, இணைப்புகளுக்கு வார்னிஷ் பூசுங்கள். காற்றுத் துளைகளுக்கு வலை கட்டுங்கள். வெதுவெதுப்பான பெட்டி என்றால் பல்லிக்கும் எறும்புக்கும் கொண்டாட்டம்!

மூன்றாவது, உதிரிப் பாகங்கள். கப்பலில் வர வேண்டியிருப்பதால் கிடைக்கும்போது வாங்கிச் சேர்த்து வைக்கிறோம். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாமல் வைத்தால் அதன் உள்ளே உள்ள மெல்லிய காப்புப் படலம் கெட்டுவிடும். எடுத்தவுடன் முழு வோல்ட்டைக் கொடுத்தால் சூடேறி வெடிக்கும். பெரிய ரெசிஸ்டர் வழியாகக் குறைந்த வோல்ட்டில் தொடங்கி, சில மணி நேரம் மெல்ல மெல்ல ஏற்றினால் படலம் மறுபடி உருவாகும். நோயில் கிடந்தவருக்குக் கஞ்சியில் தொடங்கிச் சோறு கொடுப்பது போல.

பெற்றோர்களுக்கு

இவ்வளவு ஆபத்து இருக்கும்போது பிள்ளையை ஏன் இதில் விட வேண்டும் என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. விடாமல் இருப்பதைவிட, வரிசையாக விடுவதே நல்லது. 12 வயது நிறைந்தவர் மத்திய அரசு நடத்தும் தேர்வு எழுதி ஹாம் உரிமம் பெறலாம். உரிமம் இல்லாமல் அலைபரப்புவது சட்டப்படி குற்றம். முதல் சில ஆண்டுகள் 12 வோல்ட் கருவியோடு இருக்கட்டும். பாட்டரி சார்ஜருக்கு வடிகட்டி செய்து பார்க்கட்டும். அங்கேயும் இதே சிற்றலை, இதே கணக்கு. ஆனால் தப்பு செய்தால் போவது கண்டன்சர் மட்டும்தான், பிள்ளை அல்ல. கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க, உயர் மின்னழுத்தத்துக்குப் போகட்டும்.

நம் முன்னோர் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் இங்கே வந்தபோது, ஊரில் விட்டு வந்தவர்களுக்கு ஒரு சேதி அனுப்ப எத்தனை வாரம் காத்திருந்தார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இன்று நொடியில் பேசுகிறோம். ஆனால் கேபிளும் கோபுரமும் ஒருநாள் செயலிழந்தால், அந்தத் தீவில் பாட்டரியும் கம்பியும் வைத்துக்கொண்டு, இரைச்சல் இல்லாமல், தெளிவாக ஒரு பெயரை வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும். அதற்கு அவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, சுவிட்சை அணைத்த பிறகு மூன்று நிமிடம் காத்திருப்பது.